செங்கரட்டுப்பட்டியின் நிழல் பாசனம்

2017ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பாண்டிமீனாவின் நிழல் ஈரமானது. அப்போது அவள் மதுரை காளவாசலில், தான் வேலை பார்த்த மோட்டார் வைண்டிங் கடையின் வாசலில் உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டார் ஒன்றிலிருந்து கருகிய செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் கேன் கசிகிறதென்று நினைத்த கடைக்காரர் அதை இரண்டு முறை நகர்த்தி வைத்தார். மூன்றாவது முறை அவளை நகரச் சொன்னார். ஈரமும் கூடவே நகர்ந்தது. "வெயில்ல உக்காராம உள்ள வந்து வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். அன்று மதுரையில் நூற்று நான்கு டிகிரி வெயில்.

பாண்டிமீனாவின் ஊர் செங்கரட்டுப்பட்டி, உசிலம்பட்டி சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், அறுபத்து மூன்று ஆழ்துளைக் கிணறுகள். அதற்கு முந்தைய வருடம் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஆனையூரைச் சேர்ந்த ஆன்றோ என்ற நிலத்தடி நீர் ஆய்வாளர் வந்து அறுபத்து மூன்றிலும் கயிறு விட்டு அளந்தார். நேர்மையான மனிதர். ஒரே கிணற்றை மூன்று முறை அளப்பார். 'இதே போக்கில் போனால் 2022 ஆடிக்குள் இவ்வூரில் நீர் இராது' என்று எழுதிக் கொடுத்தார். நிறுவனத்தார் அறிக்கையை அச்சிடும்போது 'இதே போக்கில் போனால்' என்ற மூன்று சொற்களை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பேருந்து நிறுத்தத்தில் பத்தடி பிளக்ஸாக, வெடித்த நிலத்தின் படத்தோடு நின்றது. அதன் பிறகு செங்கரட்டுப்பட்டிக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. காயப்போகிற மரம் எதற்கு என்று தென்னைகளையும் வேம்புகளையும் பச்சையாக வெட்டி லாரியில் ஏற்றினார்கள். போகிற தண்ணீரை இருக்கும்போதே எடுத்துவிடுவோம் என்று ஆளாளுக்கு இன்னும் இருநூறு அடி இறக்கினார்கள். ஆன்றோவின் கணக்கை விட வேகமாகத் தண்ணீர் இறங்கியது இதனால்தான். நாற்பது குடும்பங்கள் அந்த வருடமே திருப்பூருக்குப் போயின.

நிழல் ஈரமான வாரத்தில், ஊரைக் காலி செய்வதைப் பற்றிப் பேச மந்தைத் திடலில் கூட்டம் போட்டார்கள். ஆன்றோவும் வந்திருந்தார். பாண்டிமீனா எழுந்தாள்.

"உங்க கணக்கு சரிதான் சார். நான் தப்புச் சொல்லல. ஆனா அதுல எங்களை எங்க வச்சிருக்கீக?"

"புரியலையே அக்கா."

"மழை கொறையும், தண்ணி எறங்கும், எல்லாம் போட்டிருக்கீக. அஞ்சு வருசம் நாங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்போம்னுல்ல போட்டிருக்கீக?"

ஆன்றோ அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார். ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அதில் ஒரு கட்டமும் இல்லை. இல்லை என்பதைக் கூட்டத்திலேயே ஒத்துக்கொண்டார்.

நிழல் விஷயம் தெரிந்ததும் மல்லிகைத் தோட்டக்காரர் பேயாண்டிதான் முதலில் வந்தார். "தாயி, நம்ம கொல்லையில நாலு நாள் வந்து நில்லு" என்றார். அவள் நின்றாள். காலையில் நிழல் நீளமாக விழும், உச்சிப் பொழுதில் காலடிக்குள் சுருங்கிவிடும். துணியை விரித்து நிழலில் போட்டு, பிழிந்து அளந்தாள். நாள் முழுக்க நின்றால் ஒன்றேகால் லிட்டர், ஏழு செடிக்குக் காணும். ஊரில் சிலர் அவளுக்கு மாலை போட ஆரம்பித்தார்கள், ஒருவர் சூடம் காட்டினார். பாண்டிமீனாவுக்குக் கோபம் வந்தது. "நான் ஒருத்தி நின்னு எம்புட்டத்த நனைக்க? கும்புடுறத விட்டுட்டு ஆளுக்கொரு தகரம் கொண்டாங்க" என்றாள்.

வேறு எதன் நிழலாவது நனையுமா என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். குடையின் நிழல் காய்ந்துதான் இருந்தது. அவள் கையில் பிடித்திருக்கும்போது செம்புக் கம்பியின் நிழல் மட்டும் நனைந்தது. கீழே வைத்தால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். கம்பியை மோட்டாருக்குச் சுற்றுவதுபோலச் சுற்றி வைத்தபோது ஒரு மணி நேரம் ஈரம் நின்றது. அவளுக்கு அது போதும். பழைய ஃபிரிட்ஜ்களின் செம்புக் குழாய்களையும் தகரத்தையும் இரும்புச் சட்டத்தில் கட்டி வெயிலில் நிறுத்தினாள். முதல் சட்டத்தின் நிழல் உப்பு நீர் விட்டது. ஆறாவது சட்டத்தின் நிழல் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நனைந்தது. பதினெட்டாவது சட்டத்தின் நிழல் அவள் நிலத்தில் விழ, ஈரம் அடுத்தவர் நிலத்தில் ஊறியது. இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

கணவன் அசோக்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். சனிக்கிழமை ஊருக்கு வரும்போதெல்லாம் அவளையும் கூப்பிட்டான். "போதும் மீனா. ஊரே கெளம்பிருச்சு. அங்க வீடு பாத்துட்டேன், குழாயத் தொறந்தா தண்ணி வருது." சட்டத்தின் மூலையைப் பற்றவைத்துக்கொண்டிருந்த அவள் கண்ணாடியைக் கழற்றாமல் சொன்னாள்: "அந்தக் குழாய்ல தண்ணி வரவைக்கவும் யாரோ ஒருத்தன் ரெண்டு வருசம் உக்காந்து யோசிச்சிருப்பான்ல?" அவன் ஞாயிறு சாயங்காலம் வழக்கம்போல பஸ் ஏறினான். அடுத்த சனிக்கிழமை வரும்போது திருப்பூர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஏசிக் குழாய்களைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து வந்தான். பாண்டிமீனா அன்றுதான் அழுதாள்.

நாற்பத்தோராவது சட்டத்தை 2019 ஆவணியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிறுத்தினார்கள். எட்டு மணிக்கு நிழல் விழுந்தது, எட்டே காலுக்கு நனைந்தது, பத்து மணிக்கு அதன் கீழே வைத்த தொட்டி நிரம்பி வழிந்தது. ஆன்றோவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கருவிகளோடு வந்தவர் நான்கு நாள் யாரிடமும் பேசாமல் அளந்தார். 'இது சாத்தியமில்லை' என்று எழுதினார். தொட்டியைப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு, 'மணிக்கு முப்பத்தொரு லிட்டர்' என்று எழுதினார். நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். சட்டங்களை எவ்வளவு தள்ளி நிறுத்தினால் நிழல் நிழலோடு முட்டாது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பேயாண்டி தொட்டியிலிருந்து சொட்டுநீர்க் குழாய் இழுத்தார். சட்டத்தை யார் செய்தாலும் நிழல் நனைந்தது. அதைச் செய்யப் பாண்டிமீனாவின் கை வேண்டியிருக்கவில்லை. செம்பைச் சுற்றும் கணக்கை அவள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட்டிருந்தாள்.

2022 ஆடி முதல் தேதி கடைசிச் சொட்டைப் படமெடுக்க நிறுவனத்தார் வந்தார்கள். அன்று செங்கரட்டுப்பட்டியிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு முந்நூறு கிலோ மல்லிகை போயிருந்தது. வெடித்த நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். "அடுத்த தடவ முன்னாடியே சொல்லிட்டு வாங்கண்ணே, கொஞ்சம் காயப்போட்டு வைக்கிறோம்" என்று பேயாண்டி சொல்லி, நீர்மோர் கொடுத்து அனுப்பினார்.

நூறாவது சட்டம் நின்ற அன்று பாண்டிமீனாவின் நிழல் காய்ந்து, எல்லோருடைய நிழலையும் போல ஆனது. ஊர்க்காரர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். அவளுக்குத் துக்கம் ஒன்றும் இல்லை. அசோக்குமார் திருப்பூர் வேலையை விட்டுவிட்டுச் சட்டம் கட்டும் பட்டறை வைத்தான். பதினாறு பேர் வேலை பார்க்கிறார்கள். போன நாற்பது குடும்பங்களில் இருபத்தொன்பது திரும்பின.

அடுத்த வருடமே வேறொரு அமைப்பு, செங்கரட்டுப்பட்டி நிழல்கள் காற்றின் ஈரத்தைக் குடிக்கின்றன, 2040இல் மதுரைக்காரர்களுக்கு உதடு வெடிக்கும் என்று அறிக்கை விட்டது. சில பேர் பயந்தார்கள். பாண்டிமீனா பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அளந்து பாப்போம் தம்பி. அப்படி இருந்தா அதுக்கும் ஒன்னு செய்வோம்" என்றாள். ஆன்றோ ஆனையூரிலும் மாட்டுத்தாவணியிலும் ஊரிலுமாக ஒரு வருடம் காற்றின் ஈரத்தை அளந்தார். வித்தியாசம் தெரியவில்லை. பயந்தவர்கள் கேட்டதால் இப்போதும் மாதாமாதம் அளக்கிறார், முடிவை ஊர் விவசாயிகள் சங்கக் கட்டிடத்தில் ஒட்டுகிறார்.

போன தை மாதம் புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர் பவதாரிணி, எந்த வயலில் என்ன பயிர், எந்தத் தண்ணீர் என்ற அடங்கல் கணக்கைப் பதிய ஊருக்கு வந்தார். பாசன ஆதாரம் என்ற இடத்தில் கணினி கிணறு, கண்மாய், ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றை மட்டுமே காட்டியது. அவர் வயல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'இதர' என்பதை அழுத்தி, 'நிழல்' என்று தட்டெழுதி மேலே அனுப்பினார். மூன்று வாரம் கழித்துத் தாலுகா அலுவலகத்திலிருந்து அது ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. என்ன வம்போ என்று பாண்டிமீனாவும் பேயாண்டியும் பவதாரிணியின் அலுவலகத்துக்குப் போனார்கள். காலை நிழலா, மாலை நிழலா என்று தெளிவுபடுத்தவும் என்று கேட்டிருந்தார்கள். பவதாரிணி இருவரையும் விசாரித்து, 'இரண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.