பயத்துக்கு நஷ்டஈடு

மனித குலத்தின் நீதி முறையையே புரட்டிப் போடவிருந்த மாபெரும் சீர்திருத்தம் ஒன்று, 1974 சித்திரையில், எலப்புள்ளியில் ஒரு பனைமரத்தடியில் பிறந்தது என்பதை உரிய மரியாதையோடு அறிவிக்கிறோம்.

மரம் பக்கத்து நிலத்துச் செங்கோட்டையனுடையது. மேற்கு வரப்பில் நின்றது. போன மழையில் வேர்மண் கரைந்து ரத்தினசாமியின் ஓட்டு வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வெட்டச் சொல்லியிருப்பார்கள். ரத்தினசாமி சிந்தனையாளர்.

"நஷ்டம் வந்த பொறவு ஈடு குடுக்கறதெல்லாம் பழைய சட்டமுங்க," என்று டீக்கடையில் விளக்கினார். "ஊடு இடிஞ்சு நான் செத்த பொறவு பணம் வந்தா ஆரு செலவு பண்றது? பயப்படறப்பவே குடுத்துப் போடோணும்."

"எனக்கு உங்களப் பாத்தாலே பயமுங்க. என்ன தருவீங்க?" என்றார் டீக்கடைக் குப்பண்ணன்.

கல்பாத்தி வக்கீல் சேஷமணி சிரிக்கவில்லை. மனஉளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். மரம்தான் முக்கிய சாட்சி. தீர்ப்பு வரும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்று தடையுத்தரவும் வாங்கிக் கொடுத்தார்.

"வீட்டை மாத்திரம் காலி பண்ணப்படாது, கேட்டேளா. காலி பண்ணினா பயம் போயிடும். பயம் போனா கேஸ் போயிடும்."

ஆனியில் மலைக் கணவாய் வழியே வரும் காற்று கிளம்பியது. ஒவ்வொரு வீச்சுக்கும் பனை அடியிலிருந்து முனகியது. அதில் தொங்கிய தூக்கணாங்குருவிகளுக்கு வக்கீல் இல்லை. கூட்டைக் காலி செய்துவிட்டுப் போயின.

செங்கோட்டையன் கோடாலியும் கயிறுமாக வந்தார். "ஏனுங் மச்சான், கேசுல நீங்களே செயிச்சதா இருக்கட்டுமுங்க. நான் இத வெட்டிப் போடறேன்."

ரத்தினசாமி உத்தரவை எடுத்து நீட்டினார். "தொட்டீங்கன்னா செயிலு."

"வுழுந்தா உங்க ஊட்டு மேலதானுங்க வுழுகும்!"

"அதத்தான் நானும் கோர்ட்டுல சொல்லிட்டிருக்கறேன்."

ரத்தினசாமியின் மனைவி கமலாத்தாள் பாயையும் பானை சட்டிகளையும் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினார். "ஏனுங்க, நீங்களும் இங்கயே வந்துருங்க. உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"மெல்லப் பேசு. எதிராளி வக்கீல் காதுல வுழுந்தா என்னாகறது?"

பயம் இருந்தது. தூக்கமில்லாமல் கண்கள் குழிந்து, சட்டை தோளில் தொங்கியது. வம்பு வழக்கு என்று ஊரே சொன்ன அந்த மனுவில் பொய் ஒரு வரிகூடக் கிடையாது.

ஆடி பிறந்து ஒரு மத்தியானம். கமலாத்தாள் சோற்றுத் தட்டோடு கொட்டகை வாசலில் நின்று கூப்பிட்டார். "இங்க வந்து உண்ணுட்டுப் போங்க."

"இங்கயே கொண்டா," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

காற்று சட்டென்று நின்றது. பிறகு மொத்தமாக வந்தது.

ஓடுகள் சரியும் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. செங்கோட்டையன் கோடாலியோடு ஓடி வந்தார். வரப்போரம் வந்ததும் நின்றுவிட்டார். அந்த உத்தரவு விழுந்த மரத்துக்கும் செல்லுமா என்று அவருக்குத் தெரியவில்லை. கமலாத்தாள்தான் கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். வெட்டி விலக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த வாய்தாவில், வாதிக்கு இனிப் பயம் ஏதும் இல்லை என்பதால் வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது.