செல்லாத ஓட்டுகள்

பல வருஷம் கழித்து 1986இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ராமதாஸ் தன் வார்டில் நின்று ஜெயித்தான். ஆனாலும் ஓட்டு எண்ணிய பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரும்போது அவன் முகம் சரியாக இல்லை.

எண்ணி முடித்தபோது மேஜைமேல் அவனுடைய ஓட்டுக் கட்டு இருந்தது. பக்கத்தில் தோற்றுப்போன சகாதேவனுடையது. இரண்டையும்விட உயரமாக நின்றது செல்லாத ஓட்டு. எல்லாம் முத்திரையே விழாத வெறும் சீட்டு.

"ஜெயிச்சாச்சு, அத்த வுடுண்ணே" என்றான் கூட வந்த காசி, கடையில் அவனுக்கு உதவியாக இருப்பவன். "மேளத்துக்குச் சொல்லியிருக்கேன். சாயந்திரம் நம்ம தெருவுலருந்து ஊர்வலம்."

ராமதாஸ் மாலையைக் கழற்றிக் காசியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். வழியில் யாரைப் பார்த்தாலும் வெறும் சீட்டுப் போட்டது இவராக இருக்குமோ என்று தோன்றியது. எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள்.

வீட்டில் மனைவி ராணியம்மாள் குடங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தபடியே நடந்ததைச் சொன்னான்.

"வேலை வெட்டிய வுட்டு வந்து, வரிசைல நின்னு, வெறும் சீட்டப் போட்டுட்டுப் போயிருக்காங்க. யாரா இருக்கும்?"

"நானுந்தான் போட்டேன்."

அவன் நின்றுவிட்டான்.

"எனக்கெதிராவா?"

"சகாதேவனுக்கா போட்டேன்? யாருக்கும் போடல." அவள் குரலை உயர்த்தவில்லை. "குழாய்ல தண்ணி வந்து எவ்ளோ நாளாச்சு? ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க தங்கற வீட்டுப் பின்பக்கம் குடத்த வெச்சிக்கினு நிக்கறோம். வாட்ச்மேன் மனசு வெச்சாத்தான் தண்ணி. நீங்க ரெண்டு பேரும் வந்து கும்புட்டீங்க. யாராவது நம்ம தெருக் குழாயத் தொறந்து பாத்தீங்களா?"

அவனுக்குக் கோபம் வந்தது. விறுவிறுவென்று வெளியே வந்தான்.

தெருமுனைக் குழாயைத் திருகினான். உஸ்ஸென்று காற்று வந்தது. அவ்வளவுதான். எதிர்வீட்டு ஜோதியம்மாள் வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே இன்னும் சில பெண்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கமுடியவில்லை.

ரோட்டுப் பக்கம் மேளச் சத்தம் நெருங்கியது. காசி முன்னால் வந்துகொண்டிருந்தான்.

"காசி, மேளத்த நிறுத்தச் சொல்லு."

"ஆளுங்கல்லாம் வந்துட்டாங்கண்ணே."

"நிறுத்தச் சொல்லுடா."

மேளம் நின்றது. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ஜோதியம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கும் வருவீங்களா?"

"வரேங்க" என்றான். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் நகராட்சி ஆபீசுக்குப் போனான். பைப் இல்லை என்றார்கள். பிறகு ஆள் இல்லை என்றார்கள். கடையைக் காசியிடம் விட்டுவிட்டு வாரக்கணக்கில் அலைந்தான். கத்தினான், கெஞ்சினான். ஆடி மாதத்தில் ஒருவழியாகத் தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் போட்டார்கள்.

முதல் நாள் தண்ணீர் நூலாக விழுந்தது. ஜோதியம்மாள் குடத்தை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ரொம்பக் கம்மியா வருதுங்க. இது நெறையறதுக்குள்ள பொழுது போயிடும்."

"கேக்கறேங்க" என்று சொல்லிவிட்டு ராமதாஸ் சைக்கிளை எடுத்தான்.