கோழிக்கூடாக இருந்த கார்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. என் அண்ணன் கிருஷாந்த் என்னிடம் கேட்டது ஒரு கடிதம். செத்துப்போன பழைய தொரை இருபது வருடத்துக்கு முன்னால் எழுதியதுபோல, ஆங்கிலத்தில், கையெழுத்தோடு, ஒரு பக்கம். அதை எழுத உட்கார்ந்த மேசையில்தான் இதையும் எழுதுகிறேன். இரண்டில் எது முதலில் முடியும் என்று இந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரியாது.

(தேயிலைத் தோட்டத்து மேலாளரை நாங்கள் தொரை என்போம். வெள்ளைக்காரர் போய்விட்டார்கள். சொல்லை விட்டுவிட்டுப் போனார்கள்.)

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

"கஹவத்தைக்கு மேலே மலைகளில் பனிமூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்த" – நிறுத்திவிட்டேன். பனிமூட்டம் என்றதும் நீங்கள் தேயிலைப் பைக்கற்றில் இருக்கும் படத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

"தங்கையைப் பட்டதாரியாக்குவதற்காகத் தன் படிப்பைத் தியாகம் செய்த கிருஷாந்த்" – பொய். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பம்பர் வரைந்து வைத்திருந்தான்.

"கார் ஓடியது." இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கார் ஓடியது. பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்து தொழிற்சாலை வரை போய்த் திரும்பி வந்தது.

அறுபத்து நாலாம் வருடத்து எம்.ஜி. மிட்ஜட். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். அண்ணன் கஹவத்தையில் ஒரு கராஜில் டிங்கர் பாஸ். அடிபட்ட வண்டிகளின் தகட்டை நிமிர்த்துவது வேலை. அவனுடைய போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. இதே கார், அந்தக் காலத்துப் பந்தயம் ஒன்றில்: முன்கண்ணாடி இல்லை, மட்கார்டுகள் அகலம், கதவில் வெள்ளை வட்டத்துக்குள் எண். "இதே மாதிரி" என்றான். வரைபடம் கிடையாது. படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினான். ரிம்மின் உண்மையான விட்டம் பதின்மூன்று அங்குலம் என்று தெரியும். படத்தில் அதை அளந்தான். அதிலிருந்து மட்கார்டின் அகலம், புகைக்குழாயின் நீளம், இருக்கைக்குப் பின்னால் வரும் இரும்பு வளைவின் உயரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எடுத்தான். (படிப்பு ஏறாதவன் என்று மேலே எழுதியதை அழிக்கப்போவதில்லை. ஏறாதது பள்ளிக்கூடத்துக் கணக்கு.)

எங்களுடையது தொங்கல் காம்பரா, அதாவது லயத்தின் கடைசி வீடு. அதன் பின்னால் தகரக் கூரை இறக்கி, மணல் நிரப்பிய உரச் சாக்கின்மேல் தகட்டைப் போட்டு மரச் சுத்தியலால் அடித்தான். இரண்டரை வருடம். அண்ணி சுதர்ஷினி பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து, வாட்டர் பேப்பரால் பக்கங்களைத் தேய்த்துக் கொடுத்தாள். அண்ணியிடம் கருத்துக் கேட்டேன், கதைக்காக.

"நான் அலுமாரி ஒன்னு செஞ்சு தாங்கனு கேட்டேன். காரு செஞ்சிருக்காரு. அதுலயும் சாமான் வைக்க எடமில்ல" என்றாள்.

[ஒரு வரைவில், பொனட்டின் குறுக்கே கட்டும் பட்டியை அண்ணியின் கொழுந்துக் கூடைக் கயிற்றில் செய்ததாக எழுதியிருந்தேன். அழகாக இருந்தது. அது இரத்தினபுரியில் வாங்கிய தோல் பெல்ட். எங்களைப் பற்றிய கதை என்றால் எங்கேயாவது ஒரு கூடை வந்தாக வேண்டும் என்று எனக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை எழுப்பி அனுப்ப வேண்டும்.]

சத்தம் கேட்டுப் புதிய தொரை ஜீப்பில் வந்தார். காரை இரண்டு முறை சுற்றினார். கரும்பச்சைப் பூச்சைத் தடவிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டு, "ஹரி ஷோக்" என்று சிங்களத்தில் பாராட்டிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பங்களா சாமான் பட்டியலில் "பழுதடைந்த கார் – 1" என்று பதிவாகியிருக்கிறதாம். மாத முடிவுக்குள் ஒப்படைக்க வேண்டுமாம்.

பதினெட்டு வருடம் அது துருவாக எங்களிடம் இருந்தது. அதற்குள் கோழி அடைத்திருந்தோம். ஸ்டியரிங்குக்குக் கீழே முட்டை பொறுக்கித்தான் நான் வளர்ந்தேன். அப்போது பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. துரு எங்களுடையது, பூச்சு அவர்களுடையது.

4

அது எங்களிடம் வந்த விதம்.

இரண்டாயிரத்து நான்கில் பழைய தொரை மாற்றலாகிப் போனார். போகிற தொரை பங்களாவில் வேலை செய்தவர்களுக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். ஒருவருக்கு ரேடியோ, ஒருவருக்குக் கோட்டு, ஒருவருக்கு நாய். அப்பா, கந்தையா, பங்களாத் தோட்டக்காரர். கராஜில் ஓடாமல் கிடந்த, தொரையின் சொந்தக் கார் அவருக்கு. படியில் நின்று கை காட்டி, "கந்தையா, அந்தக் காரு இனி உனக்கு" என்றார் தொரை. அன்று மாலை பத்துப் பேர் சேர்ந்து தூக்கிவந்தார்கள்.

முதல் வரைவில் என்னையும் அந்தப் படிக்குக் கீழே நிறுத்தியிருந்தேன். ஐந்து வயது, கையில் பிஸ்கட். வெட்டிவிட்டேன். நான் அங்கே இல்லை.

ஏன் அன்றைக்கே ஒரு துண்டு எழுதி வாங்கவில்லை என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஏதோ மரியாதை தெரியாதவள்.

"அவரு வாயால குடுத்துட்டாரு. அதுக்கு மேல கடிதாசி கேட்டா, நீங்க நாளைக்கு பேச்சு மாறுவீங்கனு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி இல்லயா?"

தோட்டத்தில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. நம்மிடம் எல்லாவற்றுக்கும் கைநாட்டு வாங்குகிறவர்களிடம், நாம் மட்டும் எழுத்துக் கேட்பது அவமரியாதை.

5

ஏப்ரலில் மலையேற்றக் கார்ப் பந்தயம் ஒன்று இருக்கிறது. பழைய கார்களுக்குத் தனிப் பிரிவு. விண்ணப்பத்தில் உரிமைக்குச் சான்று கேட்கிறார்கள். அண்ணனுக்கு வேண்டியது அந்த ஒரு நாள். கார் பங்களாவுக்குப் போனால் அதை ஓட்டப்போவது வேறு யாரோ; "எங்கள் தோட்டத்தில் உருவாக்கியது" என்று பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொள்வார்கள்.

பழைய தொரை இறந்து ஆறு வருடம். ஆனால் அப்பாவுக்கு அவர் கொடுத்த நற்சான்றிதழ் ஒன்று பெட்டியில் இருந்தது. அதில் கையெழுத்து இருந்தது.

"நீ கதை எழுதுறதான? இதையும் ஒரு கதைனு நெனச்சுக்க" என்றான் அண்ணன்.

"கதைக்கு அடுத்தவன் கையெழுத்த போட மாட்டாங்க அண்ணே."

"எனக்கு அது தெரியாது. நீதான் படிச்ச புள்ள."

படிச்ச புள்ள. லயத்தில் நான் எழுதாத கடிதம் இல்லை. தண்ணீர்க் குழாய், இறப்புச் சான்றிதழ், வெளிநாட்டு ஏஜென்சிக்காரனுக்கு மிரட்டல். இதுவரை எதிலும் பொய் எழுதியதில்லை.

6

அதற்கு முன் உண்மையான வழியையும் முயன்றோம் என்பது பதிவாக வேண்டும். பழைய தொரை காரைக் கொடுத்த அன்று பங்களா வாசலில் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் டிரைவர் ஸஹாப்தீன். ஓய்வுபெற்று கஹவத்தையில் இருக்கிறார். அண்ணனும் நானும் போனோம். தேநீர் வந்தது. எஞ்சின் தலையைத் திறந்தாயா, இரண்டு காபரேட்டரும் அதே பழையதா, என்று அண்ணனிடம் அரை மணி நேரம் கேட்டார். கண் நிறைந்த சந்தோஷம். பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"தொரை சொன்னத நான் கேட்டேன் தான் மகள். கேட்டேன்டு எழுதித் தர ஏலா. எங்கட மகன் இப்ப தோட்டத்து ஆபீஸ்ல."

இவரைக் கோழையாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. எங்களை பஸ் ஏற்றிவிடும்வரை வெயிலில் நின்றார். நல்ல மனிதராக எழுதினாலும் வரவில்லை. அப்படியே விடுகிறேன்.

7

ஆகவே எழுதினேன். கையெழுத்தைப் பழைய கொப்பி ஒன்றில் நாற்பது தடவை பழகினேன். தொரையின் ஆங்கிலம் எனக்குச் சுலபமாக வந்தது. அவ்வளவு சுலபமாக வந்திருக்கக் கூடாது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் சொல்லிக் காட்டினேன்: "எனது பணியாளன் கந்தையாவின் விசுவாசமான சேவையைப் பாராட்டி, என்னுடைய..."

"விசுவாசமா? யாரு சொன்னா?"

"கடிதத்துல அப்படித்தான் எழுதுவாங்க அப்பா."

"அவரு அப்படி சொல்லலியே. இனி உனக்குனாரு, அவ்வளவுதான். நீ எழுதுனத கேட்டா, நான் வாலாட்டுனதுக்கு போட்ட மாதிரி இருக்கு."

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆங்கிலம் படித்தேன். தொரையின் குரலில் எழுத உட்கார்ந்ததும் என் கைக்கு முதலில் வந்த சொல் அது. இதற்கு மேல் இந்தப் பத்தியை எப்படி எழுதுவது என்று

அப்பா எழுந்து, நல்ல சட்டை எங்கே என்று அண்ணியிடம் கேட்டார். ஆபீசுக்குப் போய் நடந்ததைத் தானே சொல்லப் போகிறாராம். முப்பத்தைந்து வருடம் அந்த ஆபீஸ் படிக்குக் கீழே நின்றே பேசியவர். "எழுதிக்கங்கனு சொல்லுவேன்" என்றார். "இப்ப கேக்கலாம். இந்த தொரை எனக்கு ஒன்னும் குடுக்கலயே."

8

முடிவாக எழுதிப் பார்த்தவை:

புதிய தொரை அப்பாவின் சொல்லை நம்பி, கைகுலுக்கி அனுப்புகிறார். (நான் எழுதியவற்றிலேயே மோசமான கற்பனை இது.)

அண்ணன் அந்தப் பொய்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகிறான். அது செல்லுபடியாகிறது. கார் மலையேறுகிறது. அப்பா பார்க்க வரவில்லை.

அண்ணன் காரைத் துண்டு துண்டாகக் கழற்றி, தகட்டிலிருந்து பச்சையைச் சுரண்டி, பட்டியலில் இருக்கிறபடியே "பழுதடைந்த கார் – 1" என்று பங்களா வாசலில் குவித்துவிட்டு வருகிறான். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவன் நான் இல்லை. அவனால் அந்த மட்கார்டின்மேல் சுத்தியலை வைக்க முடியாது.

நடந்தது இதுவரைதான்: அப்பாவின் வாக்குமூலத்தைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நிபந்தனை. கீழே, குடும்பத்தார் அல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். லயத்தில் யாரையும் நான் கேட்கவில்லை. அவர்களுக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமையும் வேலை வேண்டும்.

நீங்கள் எங்கள் சொந்தம் இல்லை. உங்கள் மகன் அந்த ஆபீசில் இல்லை. தொரை சொன்னதை நான்காம் பகுதியில் கேட்டீர்கள். நான் சொல்லித்தான் கேட்டீர்கள், உண்மை. அந்தப் பட்டியலை எழுதியவர் அந்த அளவுகூடக் கேட்கவில்லை. நம்பினால் போடுங்கள். நம்பாவிட்டால் வெறுமையாக விடுங்கள். உங்கள் கையெழுத்தை நான் பழக மாட்டேன்.

"அந்தக் கார் இனி உனக்கு" என்று கந்தையாவிடம் சொல்லப்பட்டதைக் கேட்டேன்.

பெயர்: ................................

கையெழுத்து: ................................