பில்லின் அடியில் ஒரு வரி

லுரீன் ஏப்ரனைக் கழற்றிக் கல்லாவில் எறிந்தாள்.

"காலையிலேர்ந்து பதினோரு டேபிள், மிஸ் வெர்னா. ஒருத்தர்கூட டிப்ஸ் வைக்கல. எதிர்க் கடையில என்னை எப்பவோ கூப்பிட்டாச்சு. நாளைக்கு அங்கதான் போறேன்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரி வெர்னா எழுந்தாள். அமெரிக்காவில், ஜார்ஜியாவின் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் பன்றி இறைச்சி வாட்டும் கடைகள் எத்தனையோ உண்டு. லுரீன் இருப்பது இங்கே மட்டும்தான். அவளுடைய வாய்க்காகவே லாரிக்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். டிப்ஸ் இல்லாமல், கடை தரும் பெயரளவுச் சம்பளத்தில் அவளால் காருக்குப் பெட்ரோல்கூடப் போட முடியாது.

யாரால் வந்த வினை என்று வெர்னா யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி, "ஹாய்ட்!" என்று கத்தினாள்.

அவள் புருஷன் ஹாய்ட் டில்லரிக்கு ஒரே பைத்தியம்: வருமான வரியை ஒழித்து, நாடு முழுக்க ஒரே விற்பனை வரி கொண்டுவர வேண்டும். அந்த வரி வந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று காட்ட, அன்று காலை முதல் எல்லா பில்லின் அடியிலும் ஒரு வரி அச்சாகும்படி செய்துவிட்டான்.

"ஜனங்களுக்குக் கண் திறக்கட்டும் தங்கம்," என்றான் ஹாய்ட், இடுக்கியும் கையுமாக வந்து. "வருமான வரியை முதலாளியே சம்பளத்துல பிடிச்சிடறான். எவனுக்குத் தெரியுது? இது பில்லுல பளிச்சுனு நிக்கும்."

"பளிச்சுனு நிக்குது. சர்வீஸ் சார்ஜ்னு நினைச்சு எல்லாரும் எழுந்து போயிடறாங்க!"

"அதான் 'வரி வந்தால்'னு போட்டிருக்கேனே?"

"எறும்பு சைஸ்ல!"

மூலை மேசையிலிருந்த கிளீட்டஸ் பில்லைத் தூக்கிப் பிடித்தான். ஹாய்ட்டின் பள்ளித் தோழன். பன்றிப் பண்ணை வைத்திருப்பவன்.

"ஏன்டா ஹாய்ட்டு, பத்து டாலர் சாப்பாட்டுக்கு மூணு டாலர் வரின்னு இருக்கு. பக்கத்துல இருபத்திமூணு சதவீதமாம். பத்துக்கு மூணுன்னா முப்பதுல்ல?"

"அது... மொத்தம் பதிமூணு ஆகுதுல்ல? பதிமூணுல மூணு, இருபத்திமூணு சதவீதம். வருமான வரிக்கும் அப்படித்தான், மொத்தத்துல எவ்வளவுன்னு கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்கணும்ல?"

"இன்னிக்கு வாங்குற விற்பனை வரிய அப்படியா போடறே?"

ஹாய்ட் இடுக்கியைப் பார்த்தான். "இல்ல. அது விலை மேல போடறது."

"வெளிப்படையா இருக்கட்டும்னு சொல்லிட்டு, விளக்கத்துக்கு ஒரு ஆள வேற வைக்கணும் போலிருக்கே."

மேசை மேசையாகச் சிரிப்பு எழுந்தது. வெர்னா சிரிக்கவில்லை. லுரீன் கார் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

"அந்த ஆள் நீதான்," என்று வெர்னா புருஷன் கையிலிருந்த இடுக்கியைப் பிடுங்கினாள். "அடுப்ப நான் பார்த்துக்கறேன். நீ பரிமாறு. லுரீன், இந்த ஒரு மத்தியானம் மட்டும் உட்காரும்மா."

ஹாய்ட் தோள் குலுக்கி ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். முதல் மேசைக்குப் பதிமூன்று கணக்கைச் சிரித்துக்கொண்டே விளக்கினான். மூன்றாவது மேசையில் ஒரு பாட்டி, "இவ்வளவு வரியா? மேனேஜரக் கூப்பிடு," என்றாள். ஆறாவது மேசையில் பீன்ஸ் ஆறியது. ஒரு லாரிக்காரன், "நான் கேட்டது சாஸ், பாடமில்ல," என்றான்.

கடைசியாக எழுந்தவன் கிளீட்டஸ். நாலு முறை ஐஸ் டீ நிரப்பிய மேசையில் கசங்கிய நாப்கினைத் தவிர ஒன்றுமில்லை.

"டேய், உனக்குத் தெரியும்ல, அது டிப்ஸ் இல்லன்னு!"

"தெரியும். ஆனா அந்த மூணு டாலரப் பார்த்ததும் கையி பாக்கெட்டுக்குப் போகமாட்டேங்குதுடா."

ஹாய்ட் கல்லாவுக்குப் போய் பட்டன்களை அழுத்தினான். அடுத்த பில் அந்த வரி இல்லாமல் வந்தது. அதைக் கொண்டுபோய் லுரீனிடம் நீட்டினான். அவள் நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏப்ரனுக்குக் கையை நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் லுரீன்," என்றான் அதை அவிழ்த்தபடியே. "நாங்க குடுக்கற சம்பளச் சீட்டுல வருமான வரி எவ்வளவு பிடிக்கறோம்னு ஒரு தடவையாவது பார்த்திருக்கியா?"

"அதை யாரு பார்க்கறது? ஏப்ரல்ல கவர்மெண்ட் எனக்குன்னு பணம் அனுப்பும். போன வருஷம் நாலு டயரும் அதுலதான் மாத்தினேன். நல்லவங்க."

அது அவளிடமே கூடுதலாகப் பிடித்த வரி திரும்பி வருவதுதான் என்று விளக்க ஹாய்ட்டின் வாய் திறந்தது.

"ஹாய்ட்," என்றாள் வெர்னா, இடுக்கியை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டி. "அடுப்பு."