முப்பது விநாடி

காலை ஒன்பது ஐம்பதுக்கு கணினி ஆய்வகத்தின் நூற்றிருபது திரைகளும் ஒன்றாக உறைந்து நின்றன. என்ன நடந்திருக்கிறது என்று பாண்டிச்செல்விக்கு உடனே தெரிந்துவிட்டது. அதுதான் கொடுமை.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியின் நெட்வொர்க்கை ஆறு வருடமாக அவள்தான் பார்க்கிறாள். அரசு வேலைக்கான தேர்வை நடத்த வந்த கம்பெனிக்காரர் சங்கரபாண்டி, தேர்வுக் கணினிகளுக்கென்று கல்லூரியோடு கலக்காத தனித் தடம், ஒரு விலான், கேட்டார். போட்டுக் கொடுத்தாள். ஆனால் கணினியைத் திறந்தால் இணைப்பு வர முப்பது விநாடி பிடித்தது. எங்காவது கேபிள் வளையமாகிவிட்டதா என்று, கணினிகளை இணைக்கும் சுவிட்சிலுள்ள ஸ்பானிங் ட்ரீ என்ற காவல் பார்த்த பிறகுதான் வழிவிடும். வளையமானால் தகவல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி எல்லாக் கணினியும் நின்றுவிடும்.

"அந்த ஸ்பானிங் ட்ரீயை இந்த விலானுக்கு எடுத்து விடுங்கம்மா" என்றார் அவர், நேற்று.

"வேண்டாம் சார். கணினி மாட்டுத போர்ட்டை மட்டும் சீக்கிரம் திறக்க வச்சுத் தாரேன். எல்லா சுவிட்சையும் பாக்கணும், ஒரு மணி நேரம் ஆவும்."

"ஒரு மணி நேரம் எங்கம்மா இருக்கு?"

பிரின்சிபாலுக்குப் போன் போனது. "அவிய சொல்லுதபடி செய்யும்மா" என்று வைத்துவிட்டார். அந்தக் காவலை எடுக்க ஒரே ஒரு கட்டளை வரி. அவள் விரல்தான் அடித்தது.

இன்று யாரோ நல்லெண்ணத்தில், தரையில் கிடந்த கேபிள் முனையைச் சுவரில் செருகியிருக்க வேண்டும். மறுமுனையும் சுவரில்தான் இருந்திருக்கும்; வளையமாகிவிட்டது. சுவிட்சு விளக்குகள் எல்லாம் வெறிபிடித்தாற்போல் துடித்தன. எந்தக் கட்டளையும் ஏறவில்லை. மேசைக்கு மேசை குனிந்து, தவழ்ந்து, ஒவ்வொன்றாகத் தேடினாள்.

ஒரு பெண் கால்களை ஒதுக்கி இடம் விட்டாள். நுழைவுச்சீட்டில் வேலுத்தாய், நாகலாபுரம் என்றிருந்தது.

"அக்கா, சரியாயிருமா? அடுத்த மாசத்தோட எனக்கு வயசு தாண்டுது."

"இந்தா வந்துரும்மா" என்றாள் மேசைக்கு அடியிலிருந்து. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

கடைசி வரிசைக்குப் பின்னால் அந்தக் கேபிளைக் கண்டு பிடுங்கியபோது மணி பதினொன்றே கால். சங்கரபாண்டி போனைக் காதிலிருந்து எடுத்தார். "ரத்துன்னுட்டாங்க. மறுதேர்வு உண்டான்னு எனக்கே தெரியல." பிறகு கையெழுத்துப் போட ஒரு தாளை நீட்டினார். கல்லூரி நெட்வொர்க் கோளாறு என்று எழுதியிருந்தது.

"நீங்க சொல்லித்தான சார் எடுத்தேன்?"

"அடிச்சது நீங்கதானம்மா?"

தாளை வாங்காமல் திரும்பினாள்.

ரத்து அறிவிப்பு கேட்டு வரிசைகள் சலசலத்துக் கலைந்தன. வேலுத்தாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் திரைக்கு உயிர் வந்திருந்தது. அவள் படம், பெயர், பதிவெண், கீழே 'தொடங்கு' என்ற பச்சைக் கட்டம்.

"அக்கா, வந்துட்டு!" என்றாள். துப்பட்டாவில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னுக்கு இழுத்து, முதுகை நிமிர்த்தி மௌசில் கை வைத்தாள்.