ஒப்பிக்கத் தெரிந்த கைகள்

"அப்போ அவ வேணும்னே பண்றான்னு சொல்றீங்களா டீச்சர்?"

"வேணும்னேன்னு நான் எங்கேம்மா சொன்னேன்? மனசு வைக்க மாட்டேங்கறா. வச்சா எல்லாம் வரும். உங்க சென்டர்லயே வயசுக்கு மீறின புத்தின்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே, அது என்ன பொய்யா?"

டீச்சர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நாள் முழுக்க ஒரு வகுப்புப் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டு, பள்ளி விட்ட பிறகும் உட்கார்ந்து பேசுகிறவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பு மிஞ்சியிருக்காது. எதிரே, ஒன்றாம் வகுப்புக் குட்டி நாற்காலியில், முழங்கால்கள் மார்பை முட்ட உட்கார்ந்திருந்தாள் கட்டையக்கா.

அப்படி உட்காருவது அவளுக்குப் பழகிப்போனதுதான். குழந்தைகள் வளர்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. பள்ளியில் சேரப்போகும் குழந்தைகளை எதிரே உட்காரவைத்து, மரக்கட்டைகளையும் படங்களையும் பரப்பி, யாருக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று சோதித்துப் பார்ப்பாள். தெருவில் அவளைக் கண்டால் குழந்தைகள் "கட்டையக்கா!" என்று கூவும். ஆள் நல்ல நெட்டை. பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்ப்பவர்கள் சிரிக்காமல் இருந்ததில்லை.

இன்று யாரும் சிரிக்கவில்லை. இன்று அவள் சுண்டுவின் அம்மாவாக மட்டும் வந்திருந்தாள்.

"காலையில சொல்லிக் கொடுத்த எழுத்து மத்தியானம் இல்லை," என்றார் டீச்சர். "ஆனா போர்டுல இருக்கறதைப் பார்த்து அச்சா எழுதிடறா. இது என்னடா கண்ணுன்னு கேட்டா, எழுத்தைப் பாக்க மாட்டா. என் முகத்தைப் பாப்பா. வாய்க்கு வந்ததைச் சொல்லி, நான் லேசாச் சிரிச்சா அதையே பிடிச்சுக்குவா. கெட்டிக்காரிதான்மா, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. சோம்பேறித்தனம்."

"அவளுக்குப் புரியலை டீச்சர். அந்தச் சின்ன அறையில ஒரு இடம் காலியா இருக்காமே?"

நடைபாதையின் கடைசியில் இருந்தது அந்தச் சின்ன அறை. பாடம் பிடிபடாத ஏழெட்டுப் பிள்ளைகளை ஒரு டீச்சர் தனியாக வைத்துக்கொண்டு, விரலைப் பிடித்து, முதலிலிருந்து தொடங்குவார். போன வருடம் அங்கே உட்கார்ந்த பிள்ளைகள் இந்த வருடம் மற்றவர்களோடு சேர்ந்து கதைப்புத்தகம் படிக்கிறார்கள். ஒரு குடும்பம் வீடு மாறிப் போனதில் ஓர் இடம் காலியாகியிருந்தது.

"இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள யாரையாவது போட்டுடுவாங்க. ஆனா அதுக்கு உங்க சென்டர் மார்க்தான் கணக்கு. குறைஞ்ச மார்க் வாங்கின பிள்ளைகளுக்கே இடம் பத்தலை. உங்க பொண்ணு வாங்கியிருக்கிற மார்க்குக்கு நான் போய்க் கேட்டா என்னைத்தான் அங்க உட்கார வைப்பாங்க."

கட்டையக்கா நாற்காலியோடு சேர்ந்து எழுந்துவிட்டாள். அதைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். சுவரோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுண்டு, எழுந்த பிறகும் உட்கார்ந்த உயரமே இருந்தாள்.

குறைமாதத்தில் பிறந்த பெண். 'என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கா' என்று அவள் அப்பா சொன்னது அப்படியே பெயராகிவிட்டது. முதல் இரண்டு வருடமும் ஓயாத வயிற்றுப்போக்கு. ஏறுகிற எடை ஒரு வாரத்தில் இறங்கிவிடும். மற்றக் குழந்தைகள் தவழ்ந்து, எழுந்து, பாத்திரங்களை உருட்டி உலகத்தைத் தெரிந்துகொண்ட நாட்களில் சுண்டு பெரும்பாலும் படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேறினாள். உடம்பு தேறியதும் எல்லாம் தேறிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

கட்டையக்காவுக்கு நிலையத்தில் வேலை கிடைத்தது அப்போதுதான். சோதனையைப் புத்தகம் பார்க்காமல் நடத்தக் கை பழக வேண்டும் என்றார்கள். கட்டைப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து தினமும் சாயங்காலம் பழகினாள். பழக ஒரு குழந்தை வேண்டாமா? வீட்டிலேயே இருந்தது. சுண்டுவுக்கு அது அம்மாவோடு விளையாடும் நேரம். சிவப்புக் கட்டை மேல் நீலக் கட்டை, இரண்டுக்கும் நடுவே பாலம், வட்டம் வட்டத்துக்குள், நட்சத்திரம் நட்சத்திரத்துக்குள். எத்தனை சாயங்காலம் என்று யார் எண்ணினார்கள்! தாயின் கை பழகியதோ இல்லையோ, மகளின் கை பழகிவிட்டது.

பள்ளியில் சேரும் முன் நிலையத்தில் சோதித்தபோது, சொந்தப் பிள்ளையைத் தானே சோதிக்கக் கூடாது என்பதால் வேறொரு பெண் சோதித்தாள். சுண்டு அசராமல் எல்லாவற்றையும் செய்து முடித்தாள். சோதித்த பெண் அறையிலிருந்து வெளியே வந்து, "உன் பொண்ணு உன் வேலைக்கே உலை வச்சுடுவா போலிருக்கே!" என்றாள். கட்டையக்காவும் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்த சந்தேகத்துக்கு உட்கார இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் கட்டைகளை வேறு மாதிரி, படிக்கட்டு போல அடுக்கிக் காட்டினாள். சுண்டு கட்டைகளை வாங்கிப் பாலம் கட்டினாள். "படி கட்டு கண்ணு" என்றாள். மறுபடியும் பாலம். மூன்றாம் முறை சுண்டுவின் உதடு கோணியது. "இதை நீ எனக்குச் சொல்லித் தரவே இல்லையேம்மா."

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். டீச்சரைப் பார்த்த அன்று சாயங்காலம் வந்து, நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்தபடியே அவள் சொன்னதைக் கேட்டான்.

"மார்க் குறைஞ்சுபோச்சுன்னு சண்டை போடற அம்மாவைப் பாத்திருக்கேன். மார்க் அதிகமாயிடுச்சுன்னு சண்டைக்குப் போற முதல் தாய் நீதாண்டி."

"விளையாடாதீங்க."

"யாரு விளையாடறது? வேலை பாக்கற இடத்துல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லி வச்சிருக்கேன், என் பொண்ணுதான் முதல்னு. இப்ப நீ போய் திரும்பச் சோதிக்கச் சொன்னா என்ன ஆகும்? மந்தம்னு எழுதிடுவாங்க. அது அவ நெத்தியில ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் யார் வந்து உரிச்சு எடுக்கறது? நீயா?"

"அவளுக்குப் புரியலைங்க. தினமும் முப்பது பேருக்கு நடுவுல உட்கார்ந்து டீச்சர் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கா."

"கொஞ்ச நாள்ல சரியாயிடும். உடம்பு சரியாகலையா?"

கட்டையக்கா துண்டை அவனிடம் நீட்டினாள். "ஒண்ணு கேக்கறேன். லிஃப்டுக்கு வெளியில பலகை அஞ்சாவது மாடின்னு காட்டுது. பெட்டி மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குது. உள்ள ஆள் இருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க? பலகைதான் அஞ்சுன்னு காட்டுதேன்னு கதவைத் திறந்து விடுவீங்களா?"

அவன் துண்டை வாங்கவில்லை. கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது.

"உள்ள ஆள் இருந்தா," என்றான், "முதல்ல குரல் கொடுப்பேன். பயப்படாதீங்க, நான் இருக்கேன்னு."

சாப்பிடும்போது சுண்டுவைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை நிலையத்தின் பின்கட்டில், பெரியக்கா கட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். நிலையத்துக்கு அவள்தான் தலை. ஆனாலும் கட்டை கழுவும் வேலையை வேறு யாருக்கும் விட மாட்டாள். குழந்தைகள் எதைக் கடித்தன, எதைத் தொடவே இல்லை என்று கழுவும்போதுதான் தெரியும் என்பாள். கட்டையக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாகத் துடைத்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏண்டி, அதுக்கு ஏன் இப்படி முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்க? கொலையா பண்ணிட்ட?"

"அக்கா, ரெண்டு வயசுக்குள்ள பிள்ளை வளர்ந்தாத்தான் பின்னாடி படிப்பு ஏறும்னு ஊர்ல இருக்கற தாய்ங்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்றேன். என் வீட்டுல இருக்கறதை என்னாலயே பாக்க முடியலையே."

"நிறுத்து. அதை நீ சரியாச் சொல்லவும் இல்லை." பெரியக்கா கையை உதறினாள். "வளராட்டி ஏறவே ஏறாதுன்னு யாரு சொன்னா? கஷ்டப்படும்னுதான் சொல்லுவாங்க. அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. கஷ்டப்படற பிள்ளைக்குக் கை கொடுக்கத்தானே நாம இந்தக் கட்டையைத் தூக்கிக்கிட்டு அலையறோம்? சீக்கிரம் பிடிச்சா எழுந்துக்கும். நீ பழக்கிப் பழக்கி அவளைத் தேறின பிள்ளைங்க வரிசையில நிக்க வச்சுட்ட, அவ்வளவுதான். தெரியாம."

"முழுசாத் தெரியாமன்னு சொல்ல முடியாதுக்கா."

பெரியக்கா அவளை ஒரு முறை பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கட்டையக்காவுக்கு.

"வேற மாதிரிப் பெட்டி ஒண்ணு புதுசா வந்திருக்கு. உறைகூடப் பிரிக்கலை. உன் கண்ணுலயும் படக் கூடாது. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா, நானே உட்கார்றேன். அதுல வர்றதுதான் கடைசி. இன்னொரு தடவை மாத்த மாட்டாங்க, என்னாலயும் முடியாது. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன்."

"அவ அம்மா இல்லாம உட்கார மாட்டா. நீயும் உள்ளே வா. பின்னாடி உட்காரு. வாயைத் திறக்கக் கூடாது, கையை ஆட்டக் கூடாது. உனக்கு நான் சொல்லணுமா?"

மறுநாள் கணவன்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டான். சுண்டுவின் தலையைக் கோதி, "கண்ணு, எல்லாத்தையும் நல்லா..." என்று தொடங்கியவன் பாதியில் விழுங்கினான். "உனக்குத் தெரிஞ்சதைப் பண்ணு, போதும்" என்று சொல்லிவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

சோதனை அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஒரு ஜன்னல். கவனம் சிதறும் என்று சுவரில் படம்கூட மாட்ட மாட்டார்கள். பெரியக்கா உறையைப் பிரித்தாள். பெட்டிக்குள் கட்டை இல்லை. மெல்லிய முக்கோணத் துண்டுகள், மஞ்சளும் கறுப்புமாக. சுண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டை எங்கே?" என்றாள்.

"கட்டைக்கு இன்னிக்கு லீவு. இது புதுசு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாமா? பாரு, நான் ரெண்டு துண்டை இப்படி வைக்கறேன். நீயும் வை."

சுண்டு வைத்தாள். அடுத்ததையும் சரியாக வைத்தாள். கட்டையக்காவுக்கு மூச்சு லேசாயிற்று. உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. எதற்காக இந்த மகிழ்ச்சி? இவள் எல்லாவற்றையும் செய்துவிட்டால் அந்தச் சின்ன அறை போயிற்று. செய்யாவிட்டால்... செய்யாமல் போக வேண்டும் என்று எந்தத் தாயால் மனதார வேண்டிக்கொள்ள முடியும்? ஒரே நெஞ்சுக்குள் இரண்டு வேண்டுதல்களும் முட்டிக்கொண்டன.

இப்போது பெரியக்கா துண்டுகளை வைத்துக் காட்டவில்லை. ஓர் அட்டையை நிமிர்த்தி வைத்தாள். அதில் ஒரு பெரிய முக்கோணம். "இந்தப் படம் மாதிரியே உன் துண்டுகளைச் சேர்த்து வை."

சுண்டு முதலில் இரண்டு துண்டுகளை முன்பு வைத்ததுபோலவே வைத்தாள். அட்டையைப் பார்த்தாள். கலைத்தாள். மறுபடியும் அதையே வைத்தாள். பிறகு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, மெல்ல, கட்டையை அடுக்குவதுபோல அடுக்கத் தொடங்கினாள். வழுக்கி விழுந்தன. பொறுக்கி எடுத்து மீண்டும் அடுக்கினாள். அவசரம் இல்லை, அழுகை இல்லை. கைக்குத் தெரிந்த ஒரே பாட்டை அந்தக் கைகள் திரும்பத் திரும்பப் பாடின.

கட்டையக்கா பெட்டியை அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் இத்தனை வருடத் தொழில். விடை அவள் கண்ணில் பட்டுவிட்டது. ஓரத்தில் கிடந்த ஒரு துண்டைத் திருப்பிப் போட்டால் போதும். மடியில் இருந்த அவள் கட்டைவிரல் தானாகத் திரும்பியது. அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

சுண்டு பெரியக்காவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. அந்த முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை. நாற்காலியில் திரும்பி, முதுகுச் சட்டத்தின் மேல் தாடையை வைத்து, அம்மாவைப் பார்த்தாள்.

கட்டையக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். வெளியே யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மகளின் பார்வை கன்னத்தில் சூடாக உறைத்தது. மற்ற பிள்ளைகளிடம் இந்த முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள அவள் ஒரு நொடிகூடக் கஷ்டப்பட்டதில்லை. பெரியக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

நாற்காலி கிரீச்சிட்டது. சுண்டு இறங்கி வந்தாள். துண்டுகளையெல்லாம் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து, ஒன்றுகூடச் சிந்தாமல் அம்மாவின் மடியில் வைத்தாள். முழங்காலில் சாய்ந்து, அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, நீ ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டேன். அப்புறம் நானே செஞ்சுடுவேன்."