ஆறு மாட்டுக்குப் புதுத் தீவனம்

ஊற்றும் பாலுக்குத் தரும் பணத்தில் லிட்டருக்கு இவ்வளவு என்று பால் சங்கம் பிடித்துக்கொள்ளும். அதில் பாதி விளம்பரத்துக்கு, மீதி ஆராய்ச்சிக்கு. மாடு வைத்திருப்பவர்களில் இந்தப் பிடித்தத்தைத் திட்டாதவர் கிடையாது. கறார் மட்டும் வாயே திறந்ததில்லை. அந்தப் பணத்தில்தான் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பெண் அவர் வீட்டுக்கு வந்துபோனாள்.

கறார் என்பது ஊர் வைத்த பெயர். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தவரில்லை. அதனாலேயே புதுத் தீவனத்தைச் சோதிக்க அவர் தொழுவத்தைப் பிடித்தார்கள். ஆறு மாடுகளுக்குப் புதுத் தீவனம், மற்ற ஆறுக்கும் வழக்கமானது. சங்கத்தின் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து பாலை அளப்பாள், குப்பிகளில் பிடிப்பாள், பிறகு சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். மனைவி போனபின் அந்த வீட்டில் இரண்டாவது தம்ளருக்கு வேலை வந்தது அன்றைக்கு மட்டும்தான். மற்ற நாட்களில் அவர் மாடுகளோடு பேசினார்.

"பால் கூடவே மாட்டேங்குது பெரியப்பா," என்றாள் ஒருநாள். "இப்படியே போனா நிறுத்திடுவாங்க."

அன்று மாலை கறார் வாழ்க்கையில் முதல் திருட்டுத்தனத்தைச் செய்தார். புதுத் தீவனம் தின்னும் ஆறு மாடுகளுக்கும் ஊறவைத்த பருத்திக்கொட்டையைச் சேர்த்து வைத்தார். மாடுகளா காட்டிக் கொடுக்கப்போகின்றன? பால் மளமளவென்று ஏறியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சில வாரம் கழித்து இனிப்போடு வந்தாள். "ஜெயிச்சிட்டோம் பெரியப்பா. சோதனை முடிஞ்சுது. எல்லாரும் இந்தத் தீவனத்த வாங்குங்கன்னு சங்கத்துல சொல்லப்போறாங்க. இனிமே நான் வந்து உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

தோற்றாலும் நிறுத்துவார்கள், ஜெயித்தாலும் நிறுத்துவார்கள் என்பது அந்த மரமண்டைக்கு அதுவரை உறைக்கவே இல்லை. அதைவிடக் கொடுமை, ஒன்றுக்கும் உதவாத தீவனத்தை அவரை நம்பி ஊரே வாங்கப்போகிறது. கறார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"ஏன் பெரியப்பா இப்படிப் பண்ணீங்க?"

"நீ வரணும்னுதாம்மா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பிகளைப் பையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"எல்லாரோட பணம். மறுபடியும் முதல்லேருந்து பண்ணியாகணும்."

கறாருக்கு முகம் மலர்ந்தது. "பண்ணிடலாம்மா. இந்தத் தடவ நான் கையே வைக்க மாட்டேன்."

"இங்க இல்ல பெரியப்பா," என்றாள். "வேற தொழுவத்துல."